இரண்டாம் பாட்டு முடியும் முன்

வேயோ அந்தப் பெண்ணை ஆடுதளத்தின் நடுவில் தனியாக விட்டுவிட்டு வெளியேறியதை அன்று கூசிநியெமி ஆடல் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மறைக்க வழியே இல்லை. ஏரிக்கரையில் கட்டிய வட்டக் கூடம் அது. சுவரோரம் ஒரு பக்கம் பெண்களும் எதிர்ப்பக்கம் ஆண்களும் நிற்பார்கள். நடுவில் யார் கால் தடுக்கினாலும் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்துவிடும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆண் வந்து தலை குனிந்து கேட்டால் பெண் எழுந்து வருவாள். இரண்டு பாட்டுக்குச் சேர்ந்து ஆடுவார்கள். முடிந்ததும் அவளை அவள் நின்றிருந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டு, நன்றி சொல்லிவிட்டுத்தான் அவன் திரும்ப வேண்டும். ஆட்டம் பொருந்தாவிட்டாலும், காலை மிதித்து நசுக்கிவிட்டாலும், இரண்டு பாட்டு என்றால் இரண்டு பாட்டுதான். குடித்துவிட்டு வந்தவன்கூட அதை மீற மாட்டான்.

அந்த ஜூலை மாதச் சனிக்கிழமை இரண்டாவது பாட்டாக ஜென்க்கா வந்தது. ஜென்க்கா என்றால் குதித்துக் குதித்து ஆட வேண்டும். மூன்றாவது குதிப்பில் வேயோவுக்கு உள்ளே ஏதோ முடிச்சு அவிழ்ந்ததுபோல இருந்தது. ஐந்தாவதில் தொடை சூடாக நனைந்தது. போட்டிருந்ததோ வெளிர் சாம்பல் நிறக் கால்சட்டை. அவன் கூட ஆடிக்கொண்டிருந்த ரைலியின் கையை விட்டான். முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடிக்கொண்டிருந்த ஜோடிகளுக்கு நடுவே புகுந்து, கோட்டு மாட்டும் இடத்தைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டான். கோட்டை எடுக்கக்கூட நிற்கவில்லை. பின்னால் பாட்டு நிற்காமல் ஓடியது. நடுவில் ரைலி மட்டும் ஒரு கையைத் தூக்கியபடி நின்றாள்.

வேயோவுக்கு அறுபத்தொரு வயது. பால் லாரி ஓட்டுபவன். ஏரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சாலைகளில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றி, ஊர்க்கோடியில் இருக்கும் பால் ஆலைக்குக் கொண்டுவருவது அவன் வேலை. மனைவி பதினைந்து வருடத்துக்கு முன்பே ஸ்வீடனுக்குப் போய் அங்கேயே வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகள் வடக்கே ஓலு நகரத்தில் இருக்கிறாள். பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பேசுவாள். அவன் வீட்டில் அவன் மட்டும்தான்.

ரைலியை அவன் சந்தித்தது அந்த ஆடல் கூடத்தில்தான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள், கணவனை இழந்தவள், அவனைவிட நான்கு வயது சின்னவள். மூன்று கோடைகள் சேர்ந்து ஆடினார்கள். இரண்டாவது கோடையிலிருந்து சில சனிக்கிழமைகளில் அவள் அவன் வீட்டுக்கே வந்துவிடுவாள். ஞாயிறு மதியம் வரை இருந்து, மீன் சூப் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். கல்யாணம் என்றோ சேர்ந்து வாழ்வது என்றோ இரண்டு பேரும் வாயெடுத்ததில்லை. எடுக்காததால் ஒன்றும் குறைந்துபோனதாகவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆரம்ப நிலை, எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். பிப்ரவரியில் எடுத்தார்கள். அறுவை செய்த மருத்துவர் நல்லவர். எல்லாம் சுத்தமாக முடிந்தது, நரம்புகளை முடிந்தவரை காப்பாற்றியிருக்கிறேன் என்றார். சிறுநீர் கொஞ்ச காலம் கசியும், விறைப்பு திரும்ப ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம், திரும்பாமலும் போகலாம், உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்தார். வேயோ அதை மடித்துக் காரின் டாஷ்போர்டில் இருக்கும் கையுறைப் பெட்டியில் வைத்தான். அது அங்கேயே கிடந்தது.

ரைலியிடம் அவன் சொன்னது வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன் என்று மட்டும்தான். வயிற்றில் என்ன என்று அவள் கேட்டதற்குக் குடலிறக்கம் மாதிரி ஏதோ என்றான். பிப்ரவரிக்குப் பிறகு அவளை வீட்டுக்கு அழைக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. ஜூனில் கோடைக்காகக் கூடம் திறந்ததும் ஆடப் போனான். ஆடும்வரை எல்லாம் பழையபடியே இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? கசிவை உறிஞ்சும் ஒரு பேட் வைத்துக்கொண்டு போனான். குதிக்காமல் ஆடும் டாங்கோவுக்கும் வால்ட்ஸுக்கும் அது போதுமாக இருந்தது. ஜென்க்காவை அவன் யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ரைலி இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. புதன்கிழமை ஒரு குறுஞ்செய்தி வந்தது: நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா? வேயோ பதில் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். எழுதியது என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஒண்ணுக்கு என்ற சொல்லை அவளுடைய போனில் போய் நிற்க வைப்பதை நினைக்கும்போதுதான் விரல் நின்றது. அப்புறம் நாள் கடந்துவிட்டது. நாள் கடந்தபிறகு எழுதினால் இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்பதற்கும் சேர்த்து எழுத வேண்டும். அவள் மறுபடி கேட்கவில்லை.

ஆகஸ்டில் லாரியின் இருக்கை நனைந்தது. பண்ணை ஒன்றில் கனமான குழாயை இழுத்து மாட்டும்போது அது நடந்தது. அன்று மாலை கையுறைப் பெட்டியிலிருந்து பிரசுரத்தை எடுத்து அதிலிருந்த எண்ணுக்குப் பேசினான்.

பயிற்சியாளர் பெயர் கத்ரி. நாற்பது வயதிருக்கும். சுகாதார மையத்தின் மேல்மாடியில் பெரிய பந்துகளும் மெத்தைகளும் கிடக்கும் ஓர் அறை அவளுடையது. மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த இடுப்பெலும்பு ஒன்று இருந்தது. வேயோ முதல் கால்மணி நேரம் அந்த எலும்பிடமே பேசினான். அவள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேட், எத்தனை கோப்பை காபி, சிகரெட் உண்டா, மலச்சிக்கல் உண்டா, எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வேலை என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். நான்கு பேட், எட்டுக் கோப்பை, உண்டு, உண்டு, ஒன்பது மணி நேரம்.

பிறகு அவனை மெத்தையில் மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடிக்கச் சொன்னாள். இடுப்புக்கு அடியில் தொட்டில் கட்டினாற்போல ஒரு தசை இருக்கிறது, சிறுநீரை அடக்குவதும் அதுதான், விறைப்பு வந்தால் ரத்தத்தை அங்கே நிறுத்தி வைக்க உதவுவதும் அதுதான், அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். வேயோ இறுக்கினான்.

"அது பிட்டம்," என்றாள் கத்ரி.

இன்னொரு முறை இறுக்கினான்.

"இது வயிறு. மூச்சையும் சேர்த்துப் பிடிச்சிருக்கீங்க. முகமெல்லாம் செவந்துபோச்சு பாருங்க. விடுங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "குளிர்காலத்துல ஐஸ்ல வெட்டின குழியில இறங்கிக் குளிப்பீங்களா?"

"குளிப்பேன்."

"ஏணியில இறங்குறீங்க. தண்ணி தொடை வரைக்கும் வந்தாச்சு. இன்னும் ஒரு படி இறங்கணும். அப்ப கீழ இருக்கிறதெல்லாம் என்ன பண்ணும்?"

வேயோ முதல்முறையாக எலும்பை விட்டு அவளைப் பார்த்தான். "மேல ஏறி ஒளிஞ்சுக்கும்."

"அதேதான். அதைத் தண்ணி இல்லாம பண்ணுங்க."

உடனே பிடிபட்டது. உள்ளே சன்னமாக ஏதோ ஒன்று மேலே தூக்கிக்கொண்டது. வயிறு அசையவில்லை, மூச்சும் தன் பாட்டுக்கு ஓடியது. ஐந்து எண்ணும்வரை பிடித்திருக்கச் சொன்னாள். மூன்றிலேயே நழுவிவிட்டது. பரவாயில்லை, மூன்றிலிருந்தே தொடங்குவோம், விடுவதும் முழுசாக விட வேண்டும், இறுக்கியபடியே திரிந்தால் அதுவும் கெடுதல் என்றாள். பிடித்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் தளர விட வேண்டும். அப்படிப் பத்து முறை. அதன்பிறகு பிடித்து உடனே விடும் வேகமான பயிற்சி பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. தும்முவதற்கு முன், இருமுவதற்கு முன், கனம் தூக்குவதற்கு முன் ஒரு முறை இறுக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது, காபியைக் குறைக்க வேண்டும். தினம் அரை மணி நடக்க வேண்டும். நனைந்த தோல் புண்ணாகாமல் இருக்க வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, களிம்பு தடவ வேண்டும். வேயோ எல்லாவற்றையும் பால் ஆலைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

பண்ணையில் குழாயை மாட்டி பம்பை ஓடவிட்டால் தொட்டி காலியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் சிகரெட் பிடிப்பான். இப்போது லாரியின் பக்கத்தில் நின்றுகொண்டு, கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி, மனதுக்குள் அந்தப் பனிக்குழி ஏணியில் இறங்கினான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஓர் ஆள் சும்மா நிற்பதாகத்தான் தெரியும். சில நாள் பசுக்கள் கம்பி வேலிக்கு அருகே வந்து நின்று பார்க்கும். அவற்றுக்கு அவன் ஒரு தடவை தலையாட்டினான்.

காபி குறைத்ததைத்தான் மறைக்க முடியவில்லை. ஆலையின் ஓய்வறையில் அடுத்த ஷிப்ட் ஓட்டுநர் ஒஸ்ஸி கெண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வேயோ கோப்பையைக் கையால் மூடினான். ஒஸ்ஸி கெண்டியை அப்படியே பிடித்தபடி நின்றுவிட்டான்.

"என்னடா, சாகப் போறியா?"

"போதும்னு இருக்கு."

"போதும்னா? மூணாவது கோப்பைடா இது. எங்க அப்பா சாகுற அன்னைக்குக்கூட நாலு குடிச்சாரு." மேசையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். ஒஸ்ஸி குரலைத் தாழ்த்தினான். "அந்த ரைலிகூட என்னடா சண்டை? நீ அவளை நடுவுல விட்டுட்டு ஓடுனியாம். எங்க அண்ணி பாத்துட்டு வந்து சொன்னா."

வேயோ வண்டி கழுவ வேண்டும் என்று எழுந்து போனான். பொய் இல்லை, கழுவத்தான் வேண்டியிருந்தது.

இரண்டாவது மாதத்தில் கத்ரி மற்ற விஷயத்தைக் கேட்டாள். பேட் மூன்றாகியிருந்தது. அதை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், விறைப்பு எப்படி என்றாள். வேயோ ஒன்றுமில்லை என்றான். காலையில் எழும்போது? அப்போதும் இல்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தாரா? கொடுத்தார். போடுகிறீர்களா? வேயோ மறுபடி பிளாஸ்டிக் எலும்பைப் பார்த்தான்.

"வீட்டுல யாரும் இல்ல," என்றான்.

"வீட்டுல யாரு இருக்காங்கன்னு நான் கேக்கலையே."

"யாருக்காகப் போடணும்?"

கத்ரி பேனாவை வைத்தாள். "ஓட்டாம நிறுத்தி வெச்ச வண்டியையும் பனிக்காலத்துல அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைப்பீங்கல்ல?"

"வைப்பேன்."

"எங்கயாவது போறதுக்கா?"

வேயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிப்ரவரிக்குப் பிறகு இன்னொரு மனிதர் எதிரில் அவன் சிரித்தது அன்றுதான். அந்தத் தசைக்கும் நாளங்களுக்கும் ரத்தம் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும், போகாவிட்டால் சுருங்கிப்போகும் என்று அவள் விளக்கினாள். மருத்துவர் சொன்ன மாத்திரை, காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுக்கும் ஒரு குழாய்க் கருவி, நடை, தூக்கம், சிகரெட்டை விடுவது. கூடவே, அவசரமில்லாமல் தன் உடம்பைத் தானே தொட்டுப் பழகுவது. எதையும் சாதிக்க வேண்டாம், சும்மா பழகினால் போதும் என்றாள். ரொட்டி சுடும் முறையைச் சொல்லும் குரலிலேயே இதையும் சொன்னாள். அதனால்தான் அவனால் கேட்க முடிந்தது.

கருவி தபாலில் வந்தது. பெட்டியின்மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. வேயோ அதைத் தூண்டில் சாமான் வைக்கும் அலமாரியில், பின்னால், தள்ளி வைத்தான். ஒரு வாரம் கழித்து வெளியே எடுத்தான். ஞாயிறும் புதனும் சாவ்னா நீராவி அறையில் வியர்வை வரக் குளித்துவிட்டு, படுக்கையறைத் திரையை இழுத்து மூடி, குறிப்பைப் படித்துப் பார்த்துச் செய்தான். உடம்பு தன்னுடையதுபோல இல்லை. வேறொருவரின் பொருளைப் பழுதுபார்க்க எடுத்து வைத்துக்கொண்டதுபோல இருந்தது. முடிந்ததும் கருவியைக் கழுவித் துண்டில் கவிழ்த்து வைப்பான். வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்கும். ரைலி படுக்கும் பக்கத்துத் தலையணைக்கு அவன் உறை மாற்றவே இல்லை. முதலில் மனமில்லை. பிறகு அது பழக்கமாகிவிட்டது.

நவம்பரில் சிகரெட்டை விட்டான். டிசம்பரில் பேட் ஒன்றானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மகள் கூப்பிட்டு, உடம்பு எப்படி அப்பா என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றான். என்ன சாப்பிட்டே என்று கேட்டாள். கேரட் கூழும் பன்றித் தொடையும் கடையில் வாங்கியதைச் சொன்னான். போனை வைத்த பிறகு கல்லறைக்குப் போய் அப்பா அம்மா கல்லில் மெழுகுவர்த்தி ஏற்றினான். அந்த நாள் வழக்கப்படி ஊரே அங்கே இருந்தது. பனியில் நூற்றுக்கணக்கான சுடர்கள். எல்லோரும் இரண்டு பேராக, நான்கு பேராக நின்றார்கள். அன்று ரைலியின் எண்ணை எடுத்து, வாழ்த்து என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதினான். அதையும் அனுப்பவில்லை. ஒரு வார்த்தை அனுப்பினால் அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப்போனதாக ஆகிவிடும்.

ஜனவரியில் சளி பிடித்துத் தும்மித் தும்மி எல்லாம் பழையபடி ஆனது. மூன்று பேட். இனி என்னால் முடியாது என்று கத்ரியிடம் சொல்லப் போனான். அவள் தும்மலுக்கு முன் இறுக்குவதை அரைமணி நேரம் பழக்கிவிட்டு, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பினாள். போனான். பிப்ரவரி முடிவதற்குள் மறுபடி ஒரு பேட் என்று ஆனது. மார்ச்சில் சில நாள் பேட்டே தேவைப்படவில்லை.

மே மாதக் கடைசிச் சந்திப்பில் கத்ரி அவனை எழுந்து நிற்கச் சொல்லி, எதை மனதில் வைத்து இவ்வளவு தூரம் செய்தீர்கள் என்று கேட்டாள். ஒன்பது மாதத்தில் அவன் சொல்லாத ஆடல் கூடத்துக் கதையை அன்று நாலே வாக்கியத்தில் சொன்னான். அவள் மெத்தைகளை ஓரம் தள்ளினாள்.

"ஜென்க்கா எப்படிப் போகும்? நான் பாடுறேன், நீங்க ஆடுங்க."

அவள் குரல் ஒன்றும் பாடத் தகுந்தது அல்ல. வேயோ பிளாஸ்டிக் இடுப்பெலும்பைச் சுற்றித் தனியாக ஜென்க்கா ஆடினான். இடது, வலது, முன்னே, பின்னே, மூன்று குதிப்பு. இரண்டு சுற்று வந்தான். மூச்சு வாங்கியது. வேறொன்றும் ஆகவில்லை. கத்ரி கைகொடுத்தாள். பயிற்சியை மட்டும் விடாதீர்கள், விறைப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது, என்னிடம் இனி வர வேண்டியதில்லை என்றாள். நல்ல செய்திதான். ஆனாலும் படியிறங்கும்போது, வாரம் ஒரு முறை தன்னை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலை எழுதியும் வைத்துக்கொண்ட ஒரே ஆள் இன்றோடு போய்விட்டாள் என்று தோன்றியது.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை வேயோ முடிவெட்டிக்கொண்டு, அதே சாம்பல் நிறக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கூசிநியெமிக்குப் போனான். கொசு மொய்த்தது. மாலையாகியும் ஏரிமேல் சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது. ரைலி பெண்கள் பக்கத்தில், தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வேயோ தளத்தைக் கடந்து நேராகப் போய் அவள் முன்னே தலை குனிந்தான்.

ரைலி அவனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

இரு பக்கத்திலும் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கூடத்தில் யாரும் அப்படி மறுப்பதில்லை. வேயோ வந்த வழியே திரும்பி நடந்தான். பாட்டு தொடங்கிவிட்டது, ஜோடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. முப்பது அடி தூரம்தான். எல்லாக் கண்களும் முதுகில் இருந்தன. போன ஜூலையில் அவள் எதன் நடுவில் நின்றாள் என்பது அவனுக்கு அந்த முப்பது அடியில் விளங்கியது. வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். வாசல்வரை போகவும் போனான். பிறகு காபிக்கடை வரிசையில் போய் நின்றான்.

அரைமணி கழித்து ரைலி அங்கே வந்தாள். அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. கோப்பையோடு வெளியே வராந்தாவுக்கு வந்து, கைப்பிடிக் கட்டையில் சாய்ந்து நின்றாள். வேயோ இரண்டு அடி தள்ளி நின்றான்.

"சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."

"சொல்லு."

"போன வருஷம் ஆபரேஷன்னு சொன்னேன்ல, அது வயிறு இல்ல. புராஸ்டேட். கேன்சர். இப்ப இல்ல, எடுத்தாச்சு. அதுக்கப்புறம் அடக்க முடியாம போச்சு. அன்னைக்கு ஜென்க்காவுல குதிக்கும்போது ஒண்ணுக்குப் போயிட்டேன். கால்சட்டை நனைஞ்சுருச்சு. அதான் ஓடினேன்."

ரைலி கோப்பையைக் கட்டையில் வைத்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றான். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து வேகமாகச் சொன்னான். "படுக்கையிலயும் ஒண்ணும் முடியல. இப்பவும் முடியல. அதனாலதான் உன்னை வீட்டுக்குக் கூப்பிடல. உன்கிட்ட எந்தத் தப்பும் இல்ல."

அவள் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசியபோது குரலில் கோபம்தான் முதலில் வந்தது.

"நான் பல் டாக்டர்கிட்ட போனேன், வேயோ. தெரியுமா? என் வாய் நாத்தம் அடிக்குதோ, அதான் அவன் ஓடிட்டானோன்னு. அந்த ஆளு எல்லாப் பல்லையும் பாத்துட்டு, ஒண்ணும் இல்லையேம்மா, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல?"

வேயோ குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்தான்.

"எனக்கு மூணு பிள்ளைங்க. கடைசிப் பையன் பொறந்ததுலேர்ந்து பேட் வெச்சுக்காம நான் ஒரு ஜென்க்கா ஆடினதில்ல. இங்க இருக்கிற பொம்பளைங்கள்ல பாதிப்பேர் அப்படித்தான். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பையிலேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பேன்."

அவனுக்கு அது தெரியாது. மூன்று கோடைகள் அவளுடைய இடுப்பில் கை வைத்து ஆடியவன் அவன். அவள் சொல்லியோ அவன் கேட்டோ இருந்தால் தெரிந்திருக்கலாம். ரைலி கோபம் அடங்கி, தாழ்ந்த குரலில், அக்டோபர்வரை காத்திருந்ததாகச் சொன்னாள். போன் அடிக்கும்போதெல்லாம் அவனோ என்று பார்த்தாளாம். நவம்பரில் பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பழுதுபார்க்க மார்த்தி என்று ஒருவர் வந்தார். அவர் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறார். உள்ளேதான் இருக்கிறார், நீலச் சட்டை, ஆடத் தெரியாது, சும்மா உட்கார்ந்து பார்ப்பார் என்றாள்.

"நல்லவரா?"

"நல்லவர். நிறையப் பேசுவார்." அதைச் சொல்லும்போது அவள் வாய் ஓரத்தில் லேசாகச் சிரித்தாள். பிறகு கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். "உடம்பு குணமாயிருச்சுல்ல? அது போதும். வா, இப்ப கேளு."

வேயோ வராந்தாவிலேயே தலை குனிந்து கேட்டான். உள்ளே போய் ஆடினார்கள். குளிர்காலம் முழுக்க ஜென்க்காவுக்குத் தயாரானவனுக்கு அன்று இரண்டு பாட்டும் டாங்கோவாக வந்தன. ரைலியின் கை அவன் தோளில் பழைய இடத்திலேயே இருந்தது. சோப்பு வாசனை மட்டும் வேறு. இரண்டாவது பாட்டு முடிந்து கடைசி இழுவை நிற்கும்வரை ஆடினான். பிறகு அவள் முழங்கையைத் தாங்கித் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டான். நன்றி என்றான். நன்றி, வேயோ என்றாள். நீலச் சட்டைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து, அறிமுகம் இல்லாமலேயே அவனுக்கு ஒரு வணக்கம் வைத்தார். வேயோவும் வைத்தான்.

அடுத்தது பெண்கள் வந்து ஆண்களை ஆடக் கேட்கும் வேளை. வேயோ ஆண்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றான். யாரும் அவனிடம் வரவில்லை. அது முடிந்ததும் பச்சை உடை போட்ட ஒரு பெண்ணைக் கேட்டு ஹும்ப்பா என்ற துள்ளல் ஆட்டம் ஆடினான். அவள் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பாட்டு முடிந்ததும் அவளையும் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் முகத்தில் விழுந்துதான் விழிப்பு வந்தது. கனவு ஏதோ வந்திருந்தது, என்னவென்று நினைவில்லை. போர்வைக்குள் உடம்பு வேறு மாதிரி இருந்தது. அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பதினாறு மாதத்தில் முதல் முறை. முழுதாக என்று சொல்ல முடியாது. இளவயதுக்காரன் பார்த்தால் சிரிப்பான். ஆனால் மாத்திரை இல்லை, கருவி இல்லை, தானாக வந்திருந்தது. வேயோ அசையாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். நகர்ந்தால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. சில நிமிடங்களில் போகத்தான் செய்தது. போனதும் அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்க ஆளும் இல்லை.

எழுந்து காபி போட்டான். போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிப் பார்த்தான். மகளிடம் இதைச் சொல்ல முடியுமா? ஒஸ்ஸியிடம் சொன்னால் திங்கள் காலைக்குள் பால் ஆலை முழுக்கத் தெரிந்துவிடும். ரைலியின் பெயர் வந்தது. அதைத் தாண்டித் தள்ளினான். கத்ரியின் எண்ணுக்குப் பேசினால், கோடை விடுமுறை, ஆகஸ்டில் திரும்புவேன், செய்தி இருந்தால் சொல்லுங்கள் என்று பதிவு செய்து வைத்த அவள் குரல் சொன்னது. பீப் சத்தம் வந்தது.

"வேயோ பேசறேன்," என்றான். "அவசரம் ஒண்ணும் இல்ல. நல்ல சேதிதான். நல்லா இருக்கேன்."

வைத்துவிட்டான்.

கோப்பையோடு வாசலுக்கு வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப்போட்டு, கத்தியில் ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து வீடு. வேயோ கையைத் தூக்கினான். அவரும் தூக்கினார்.

"நல்ல நாள்," என்றான் வேயோ. வழக்கமாகச் சொல்வதைவிடச் சற்று உரக்கச் சொல்லிவிட்டான்.

அவர் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் கட்டியிருந்தது. "மதியத்துக்கு மேல மழை வரும்போல இருக்கே," என்றார்.

"வரட்டும்," என்றான் வேயோ.